டிஎச்ஈஏ 25 மி.கி. மாத்திரை: வாங்கலாமா?

டிஎச்ஈஏ (DHEA) மாத்திரை அமெரிக்கக் கடைகளில் வைட்டமின் வரிசையிலேயே இருக்கும். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி இது உணவுத் துணைப்பொருள், மருந்துச் சீட்டு வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன். உடல் இதை டெஸ்டோஸ்டிரோனாகவும் ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றும். அதனால்தான் பெண்களுக்கு முகப்பரு, மீசை முடி, நல்ல கொழுப்புக் குறைவு என்று வில்லங்கம் வருகிறது.

இருபது வயதுகளில் உச்சத்தில் இருக்கும் இந்த ஹார்மோனின் அளவு, எண்பது வயதுக்குள் 10–20 சதவீதமாகச் சரியும். குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும் என்பது விற்பவர் வாதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழுவின் 2006 ஆய்வில் முதிய ஆண்களுக்குத் தினம் 75, பெண்களுக்கு 50 மி.கி., இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். ரத்த அளவு ஏறியது. தசை வலிமை, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதுவும் தேறவில்லை. ஞாபகசக்திக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

லேபிளில் 'காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு' மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம். அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற தாவரப் பொருளை ஆய்வுக்கூடம்தான் டிஎச்ஈஏ ஆக்கும், உடல் ஆக்காது.

அட்ரீனல் குறைபாடு (சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத நிலை) உள்ளவர்கள் டிஎச்ஈஏ-எஸ் (ரத்தத்தில் அளக்கப்படும் டிஎச்ஈஏ வடிவம்) ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் எடுக்கலாம். மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்கள் கூடவே கூடாது. போட்டி விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இது தடைப் பட்டியலில் உள்ள பொருள். மற்றவர்களுக்கு வீண் செலவு.