டைட்டானியமா, ஸ்டீலா, கார்பனா: ரோட் பைக் ஃபிரேம் எடுப்பதற்கு முன்

ஸ்டீல் மெத்தென்று ஓடும், கார்பன் விறைப்பு, டைட்டானியம் இரண்டுக்கும் நடுவே என்ற பேச்சு சைக்கிள் ஓட்டுபவர்களிடம் பல காலமாகச் சுற்றி வருகிறது. ஃபிரேம் வாங்கப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான். குழாய் எவ்வளவு வளையும் என்பதில் உலோகத்தைவிடக் குழாயின் விட்டத்துக்கே பெரிய பங்கு. சுவரின் கனம் மாறாமல் விட்டம் மட்டும் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 105 அளவில், அதாவது பாதி. எனவே 28.6 மி.மீ. எஃகுக் குழாயின் விறைப்பை அதே சுவர்க்கனத்தில் டைட்டானியத்தில் கொண்டுவர விட்டம் 36 மி.மீ. வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். ஆக, பருத்த அந்தக் குழாய் எஃகுக் குழாயைவிடக் கால் பங்குக்கு மேல் இலேசாகவே இருக்கும். டைட்டானியத்தில் கிடைக்கும் உண்மையான லாபம் இது. எஃகுக் குழாயின் ஒல்லியான அளவிலேயே டைட்டானியத்தில் ஃபிரேம் செய்தால் பெடலை மிதிக்கும்போது பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் இடம்) பக்கவாட்டில் ஆடும். டைட்டானியம் 'வளவள' என்ற கெட்ட பெயர் அப்படி வந்ததுதான்.

கார்பனுக்கு ஒற்றை எண்ணே கிடையாது. இழைகளை எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதே விறைப்பைத் தீர்மானிக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரே வடிவ ஃபிரேமில் விலை குறைந்த பதிப்பும் கூடிய பதிப்பும் ஓட்டத்தில் வேறுபடுவது இதனால்தான்.

சொகுசு? முக்கோணங்களாகக் கட்டிய சட்டம் மேலிருந்து கீழாக அதிகம் அமுங்காது. மேடுபள்ளத்தை வாங்குவது முதலில் டயர், அடுத்து சீட் போஸ்ட். 25 மி.மீ. டயரைக் கழற்றி 30 அல்லது 32 மாட்டிக் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் வித்தியாசத்தை எந்த உலோகமும் தராது. ஆகவே ஃபிரேமின் பொருளைக் கேட்கும் முன் 'எத்தனை மி.மீ. டயர் நுழையும்?' என்று கேளுங்கள். இன்றைய நிலவரத்தில் 32க்கு இடமில்லாத ஃபிரேமை, அது எதில் செய்ததானாலும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எஃகில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விலை கூடிய எஃகு கூடுதல் விறைப்பானது அல்ல. சாதாரண குரோமோலி எஃகானாலும் ரெனால்ட்ஸ் கம்பெனியின் உயர்ரக 853 ஆனாலும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றே. கூடுவது வலிமை. வலிமை கூடினால் சுவரை மெலிதாக்கலாம், எடை குறையும். 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 பித்தளைப் பற்றவைப்புக்கும் லக் (குழாய் முனைகளைச் செருகும் உறை) இணைப்புக்கும் ஏற்றது. 853 வெல்டிங் சூடு ஆறும்போது தானே இறுகும் ரகம், அதனால் இணைப்பருகே வலிமை குறைந்துவிடுவதில்லை. ஆனால் குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஹேண்டில்பார் திரும்பி இடித்தாலே பள்ளம் விழும். நல்ல ஸ்டீல் ஃபிரேம் 1,700 முதல் 2,200 கிராம் வரை இருக்கும். அதற்கும் வெகு கீழே எடை சொல்பவரிடம் சுவர்க்கனம் என்ன என்று கேட்பது நல்லது.

எஃகைக் கொல்வது உள்ளே பிடிக்கும் துரு. சீட் போஸ்ட் வழியாக இறங்கும் மழைநீர் பாட்டம் பிராக்கெட் கூட்டில் தேங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) அரித்துக்கொண்டிருக்கும். கூட்டின் அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாகங்களை மாட்டும் முன் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் துருத்தடுப்பு எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, ஒரு நாள் வடியவிட வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் போதும். இதற்குக் கைம்மாறாக எஃகு தருவது எந்தப் பொருளும் தராத ஒன்று: வளைந்த டிராப்அவுட்டை (சக்கர அச்சு பொருந்தும் முனை) நிமிர்த்தலாம், பின்சக்கரம் பொருந்தும் பழைய 126 மி.மீ. இடைவெளியை 130க்கு விரிக்கலாம், ஒரு குழாய் போனால் அதை மட்டும் மாற்றலாம். பெரும்பாலும் உடைவதற்கு முன் முனகலோ பெயின்டில் மயிரிழை விரிசலோ காட்டும்.

கார்பன் ஃபிரேம் 700 முதல் 1,100 கிராம். 1986இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை கார்பன் ஃபிரேமில் வென்ற காலத்தில் அது கார்பன் குழாய்களை அலுமினிய லக்கில் ஒட்டிய கட்டுமானம். இன்று அச்சில் வார்ப்பதால் காற்றைக் கிழிக்கும் வடிவங்கள் சாத்தியம். மணிக்கு 35 கி.மீ. தாண்டி சமதரையில் ஓட்டுபவருக்கு எடையைவிட இதுவே பெரிய லாபம். எடையின் பலனை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 84 கிலோ என்றால், 800 கிராம் குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய அரை நிமிடம். போட்டியில் அது உயிர்நாடி. ஞாயிறு காலைச் சவாரிக்கு அதற்காகப் பணம் கொட்டுவது வீண். யு.சி.ஐ. (உலக சைக்கிள் சம்மேளனம்) போட்டிகளில் முழு வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது.

கார்பன் களைத்து உடைவது அரிது. அடிபட்டுத்தான் உடைகிறது. கல்லில் விழுந்தாலோ சுவரில் சாய்த்த வண்டி சரிந்தாலோ, மேலே ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். பழைய ஃபிரேம் வாங்கும்போது ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். டக்டக்கென்று வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் தொப்பென்று மங்கினால் சந்தேகப்படுங்கள். இணைப்புகளருகே கனம் கூடுவதால் ஒலி இயல்பாகவே மாறும், எனவே இடதையும் வலதையும் ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். செயின் விழுந்து அறுத்த செயின்ஸ்டே, சீட் கிளாம்ப் சுற்று, ஃபோர்க்கின் மேலே நீளும் ஸ்டீரர் குழாயில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) கடிக்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீரரைப் பார்க்க ஃபோர்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். விற்பவர் மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். வெடித்த சட்டக் குழாயைத் தேர்ந்த கைகள் புது அடுக்கு வைத்துச் சரிசெய்யலாம். வெடித்த ஸ்டீரருக்கு வைத்தியம் கிடையாது, ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்.

கார்பனில் அன்றாடத் தொல்லைகள் வேறு இரண்டு. அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட்டின் துளை கொஞ்சம் வட்டம் பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் 'கட்கட்' சத்தம் வரும். மரையுள்ள கூடு (பி.எஸ்.ஏ. அல்லது டி47 எனும் அளவு) கொண்ட ஃபிரேமுக்கு முன்னுரிமை கொடுங்கள். அடுத்தது, ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) வழியாக உள்ளே ஓடும் கேபிள்கள். பார்க்க அழகு. மேல் பேரிங் ஒன்றை மாற்றவே பல வண்டிகளில் ஹைட்ராலிக் பிரேக் ஹோஸை வெட்டி மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டிவரும். வண்டியைத் தாமே பராமரிப்பவர் இதை ஒதுக்குவதே நலம்.

டைட்டானியத்துக்கு வருவோம். 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த குழாய்தான் வழக்கம். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கொண்ட கலவை வலிமை கூடியது, குழாயாக இழுப்பது கடினம், ஆகவே பெரும்பாலும் டிராப்அவுட் போன்ற கடைசல் பாகங்களில் வரும். ஃபிரேம் எடை 1,300 முதல் 1,700 கிராம். துரு இல்லை, பெயின்ட் தேவையில்லை, பிரஷ் ஃபினிஷில் விழுந்த கீறலைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒரே திசையில் தேய்த்து மறைக்கலாம்.

எல்லாம் வெல்டிங்கில் இருக்கிறது. சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். எனவே வெளியே மட்டுமல்ல, குழாயின் உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். வெல்டின் நிறமே சாட்சி. வெள்ளியோ இளம் வைக்கோல் நிறமோ நல்லது. ஊதா, நீலம் ஏறியிருந்தால் வாயு போதவில்லை. சாம்பலோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம். வெளிப்புறத்தைத் தேய்த்து நிறத்தை அகற்றிவிடுவார்கள் என்பதால் டார்ச் அடித்து பாட்டம் பிராக்கெட் கூட்டின் உட்புறத்தைப் பாருங்கள். உள்ளே கருத்திருந்தால், வெளியே காசுகளைச் சரித்து வைத்தாற்போல அடுக்கடுக்காக இருக்கும் வெல்டுக்கு மதிப்பில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வெல்டை ஒட்டினாற்போல விரிசல் விடும். அதைத் திரும்பப் பற்றவைக்க அதே தேர்ச்சியுள்ளவர் வேண்டும், பக்கத்துப் பட்டறையில் ஆகாது. யார் வெல்ட் செய்தார் என்று தெரியாத மலிவான டைட்டானியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மிக உயர்ந்த ஸ்டீல் ஃபிரேம் வரும். அதையே எடுங்கள்.

இன்னொன்று: டைட்டானிய வண்டியிலும் ஃபோர்க் பெரும்பாலும் கார்பன்தான். ஆகவே 'ஆயுளுக்கும்' என்ற வாக்குறுதி சட்டத்துக்கு மட்டும் பொருந்தும்.

வாரத்தில் பல நாள் ஓட்டி, ஒரே வண்டியை 15, 20 ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு, நம்பகமான வெல்டரின் டைட்டானியம்தான் எங்கள் தேர்வு. போட்டிக்கும் வேகமான குழுச் சவாரிக்கும் கார்பன். செலவை அடக்க நினைப்பவருக்கு ஸ்டீல், அதில் கார்பனைவிடக் கூடுவது ஒரு கிலோ எடைதான். இதில் எதையும் மாற்றிவிடக்கூடியது உடலளவு. கார்பன் அச்சு ஐந்தாறு அளவுகளில்தான் இருக்கும். கை நீளமும் கால் நீளமும் அவற்றுக்கு நடுவே விழுபவர், ஸ்டெம்மையும் ஸ்பேசரையும் கொண்டு ஒப்பேற்றுவதைவிட, ஸ்டீலிலோ டைட்டானியத்திலோ தம் அளவுக்கே கட்டச் சொல்லலாம்.

ஃபிரேம் கைக்கு வந்ததும் சீட் போஸ்ட்டைச் செருகிப் பாருங்கள். டைட்டானியத்தில் வெல்டிங் சூட்டால் சீட் குழாய் வட்டம் குலைந்திருந்தால் போஸ்ட் ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் தொளதொளக்கும். அதை ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போட்டுத் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அலுமினிய போஸ்ட் என்றால் டைட்டானியத்தில் ஆன்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் களிம்பு), ஸ்டீலில் கிரீஸ். கார்பன் போஸ்ட்டுக்கு எந்தச் சட்டத்திலும் கார்பன் பேஸ்ட். திருக்குவது 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், கிளாம்பில் அச்சிட்ட எண் வேறானால் அதுவே சரி. ஆண்டுக்கு ஒருமுறை போஸ்ட்டை முழுதாக உருவித் துடைத்து மறுபடி பூசிச் செருகுங்கள். அலுமினியம் அரித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.