விளக்கு அணைந்தது, கோளாறு அப்படியே இருந்தது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக அண்மையில் ஏபிஎஸ் (பலமாக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை பார்த்து வண்டியை எடுத்து வந்தவர்கள், முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். மீட்டரில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் உடனே யாரிடமாவது காட்டுங்கள். என் வண்டியில் அது எரியவில்லை. ஏழு வாரம் அதைக் கவனிக்காமல் ஓட்டினேன். நடுவில் நான்கு நாள் என் தங்கை தன் குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே போடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டிக்கு 15 வயது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கோளாறு ஆரம்பித்தது இப்படி: மெதுவாக வந்து நிற்கப்போகும்போது, கடைசி சில அடி தூரத்தில், காலுக்கடியில் பிரேக் பெடல் கடகடவென்று உதறும். அந்த நேரம் பார்த்து வண்டி பிடி விட்டதுபோல் கொஞ்சம் முன்னால் நழுவும். வேகத்தில் பிரேக் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ரோடு காய்ந்திருந்தாலும் ஈரமாக இருந்தாலும் ஒரே மாதிரிதான். விளக்கு எதுவும் எரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் வாசலுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் வளைஞ்சிருக்கு சார், ரெண்டு டிஸ்க்கும் பேடும் மாத்திடலாம்" என்றார்கள். நம்பினேன். மாற்றிய அன்று மாலையே அதே உதறல்.

இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டிஸ்க் தேய்மானம் சீராக இல்லாவிட்டால் உதறல் பெரும்பாலும் நல்ல வேகத்தில் பிடிக்கும்போதுதான் வரும். பெடலோடு ஸ்டீயரிங்கும் ஆடும். வேகம் குறையக் குறைய உதறலும் நிதானமாகும். என் வண்டியில் எல்லாமே தலைகீழ். வேகத்தில் அமைதி, நிற்கும் நேரத்தில் உதறல். தேவையே இல்லாத இடத்தில் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு இது தெளிவான அறிகுறி. ஏதோ ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கணினி தவறாக நினைத்து அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. வண்டி நழுவியது அதனால்தான்.

இரண்டு வாரம் கழித்து ஏபிஎஸ் விளக்கும் எரிய ஆரம்பித்தது. சாவி போட்டதும் எரிந்து அணைந்துவிடும், வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனபின் மறுபடி வரும். இதுவும் பெரிய தடயம் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். விளக்கு சாவி போட்ட நிமிடத்திலிருந்து அணையாமலே இருந்தால் ஃபியூஸ், அறுந்த வயர், யூனிட் போன்ற மின்சாரக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். வண்டி உருண்ட பிறகு வந்தால், சக்கரம் சுற்றும்போது கிடைக்கவேண்டிய சிக்னலில் குறை இருக்கலாம். இந்த ஒரு கேள்வியை அவர்கள் என்னிடம் கேட்கவே இல்லை.

ஸ்கேனரைச் செருகி இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு சார்." என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது, திரையைக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று சொல்லி வயரை உருவிவிட்டார்கள். பம்ப்போடு சேர்ந்த முழு யூனிட், பிரேக் ஆயில் மாற்றம், பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுத்த கூலி எல்லாம் சேர்த்து, வண்டியை விற்றால் வரும் பணத்தில் ஏறக்குறைய பாதியை வாங்கினார்கள். மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. விளக்கும் இல்லை, உதறலும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு மழை மாலையில், முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. பெடலை முழுதாக மிதித்தேன். காலில் எந்த அதிர்வும் இல்லை. முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வழுக்கின. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பாமல் நேராகவே போனது. வேனுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றது.

மறுநாள் தனியாகத் தொழில் செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், "தம்பி, சாவியைப் போட்டு ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாத" என்றார். மீட்டரைக் குனிந்து பார்த்தார். ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு, கைபிரேக் விளக்கு எல்லாம் எரிந்தன. ஏபிஎஸ் இடம் மட்டும் இருட்டு. மீட்டரைக் கழற்றினால் அந்த ஒரு பல்பு மட்டும் இல்லை. ஃபியூஸ் பெட்டியில் ஏபிஎஸ் ஃபியூஸும் இல்லை.

என்ன செய்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. ஃபியூஸை எடுத்தால் ஏபிஎஸ் செத்துவிடும், உதறல் நின்றுவிடும். ஆனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் பல்பையும் எடுத்துவிட்டார்கள். என் வண்டி பழைய மாடல், பின்சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வால்வு மட்டும்தான் இருக்கிறது. இபிடி (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் ஏபிஎஸ்ஸை இப்படிக் கொன்றால் அதுவும் சேர்ந்து போய், பலமாகப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டியே சுழன்றுவிடலாம். இன்னும் சிலர் பல்பை எடுக்காமல், ஏபிஎஸ் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்து முடிந்துவிடுவார்களாம். சாவி போட்டதும் இரண்டும் சேர்ந்து எரிந்து, இன்ஜின் ஓடியதும் சேர்ந்து அணையும். ஆகவே ஏபிஎஸ் விளக்கு சாவி போட்ட சில விநாடியில் தானாக அணைகிறதா, இன்ஜின் ஸ்டார்ட் ஆனால்தான் அணைகிறதா என்றும் பாருங்கள்.

சரி, புது யூனிட்டாவது போட்டார்களா? அதுவும் இல்லை. யூனிட்டில் 6 பிரேக் குழாய்கள் சேருகின்றன, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து 2, சக்கரங்களுக்கு 4. முழு யூனிட்டை மாற்ற இந்த ஆறையும் கழற்றியே ஆகவேண்டும். ஆறு நட்டிலும் பழைய துரு உடையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒன்றில்கூட இல்லை. போன வருடம் பேட்டரி மாற்றியபோது பானெட்டுக்குள் எடுத்த ஒரு படம் என் போனில் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் யூனிட்டின் ஸ்டிக்கரில் உள்ள எண் தெரிகிறது. இப்போது வண்டியில் இருப்பதும் அதே எண். தற்செயலாக எடுத்த படம் அது. இனி எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் முதலில் பானெட்டைத் திறந்து ஸ்டிக்கர்களைப் படம் எடுத்துக்கொள்வேன், நீங்களும் செய்யுங்கள்.

மாற்றியதாகச் சொன்ன பிரேக் ஆயில் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. புது டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை இழுத்துக்கொண்டபின் அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 155தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பெரியவர் புது ஃபியூஸ் போட்டு, பல்பு மாட்டி, என்னையே ஓட்டச் சொல்லி ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கோடு மட்டும் படிக்கவில்லை. நான்கு சக்கரத்தின் வேகத்தையும் நேரடியாகத் திரையில் வரவழைத்தார். 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கும் ஒன்றாக ஓடின. வேகத்தைக் குறைத்து 8க்குக் கீழே வந்ததும் மூன்று சீராக இறங்கின, இடது முன்சக்கரம் மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. அதே நொடியில் பெடல் உதறியது. கோளாறை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

கோடும் இடது முன்சக்கர வேகச் சென்சார் என்றே வந்தது. இங்கேதான் அவசரக்காரர்கள் சென்சாரை மாற்றிவிடுவார்கள். அவர் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பக்கச் சென்சாரையும் அளந்தார். இரண்டும் சுமார் 1.1 கிலோ ஓம். என் வண்டியில் இருப்பது பழைய காந்தச் சுருள் வகை என்பதால் அப்படி அளக்க முடிந்தது. புது வண்டிகளில் வரும் மின்சாரம் கொடுத்து இயங்கும் வகையை ஓம் வைத்து அளந்தால் ஒன்றும் தெரியாது. சென்சார் நன்றாக இருக்கிறது, அப்படியானால் அது பார்க்கும் ரிங்கைப் பார்க்கவேண்டும் என்று சக்கரத்தைத் தூக்கி, கையால் மெல்லச் சுற்றி, டார்ச் அடித்தார். டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனையில் பல்லோடு இருக்கும் ஏபிஎஸ் ரிங். ஓர் இடத்தில் மயிரிழை விரிசல், அடியில் துரு பொங்கி ரிங்கைப் பிளந்திருந்தது. விரிசல் உள்ள இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது. மெதுவாகச் சுற்றும்போது சிக்னலும் பலவீனம், அந்த ஒரு பல்லும் தப்பிவிடுகிறது. சக்கரம் நின்றுவிட்டது என்று கணினி முடிவு செய்கிறது.

புது ரிங் போட்டு, சென்சார் முனையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்து, ஆயில் மாற்றி, அரை நாளில் வேலை முடிந்தது. யூனிட் என்று சொல்லி என்னிடம் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. உடைந்த ரிங்கைக் கேட்காமலே என் கையில் கொடுத்தார்.

உங்களுக்கும் இதே போல் நிற்கும் நேரத்தில் உதறினால், காலியான திறந்த இடத்தில், மிக மெதுவாக, ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். உதறல் நின்றால் கோளாறு ஏபிஎஸ் பக்கம், நிற்காவிட்டால் டிஸ்க், டிரம், பேரிங் பக்கம் தேடவேண்டும். பார்த்த உடனே ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிடுங்கள், அப்படியே ரோட்டுக்குப் போகாதீர்கள். வண்டியில் செருகிக் கோளாறு எண் பார்க்கும் மலிவான ஓபிடி கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து ஏபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, பெடலை மிதித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ சோதனை எதுவும் வேண்டாம், வண்டியை எடுக்காதீர்கள். யூனிட் போய்விட்டது என்று யார் சொன்னாலும், நான்கு சக்கர வேகத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய்ப் படங்களைக் காட்டினேன். "நாங்க விடும்போது எல்லாம் இருந்துச்சு, அப்புறம் யாரு கை வச்சாங்களோ" என்றார்கள். பழைய யூனிட் எங்கே என்று கேட்டேன், குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். வண்டியில் இருப்பதுதான் பழைய யூனிட், இதோ எண் என்று காட்டியதும் முதலாளி உள்ளே போய்விட்டார். பில், ஸ்டிக்கர் படங்கள் இரண்டு, துருப்பிடித்த நட்டுகளின் படம், பெரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒன்பது நாளாகிறது, பதில் இல்லை. வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.