எண்டோஸ்கோபி: ஸ்பிரேயா, மயக்க ஊசியா?

வயிற்றுக்கு எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், பெங்களூரில் அல்சூரிலிருந்து போனாலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து போனாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: தொண்டைக்கு மட்டும் ஸ்பிரேயா, கையில் மயக்க ஊசியா? சும்மா பார்ப்பதற்கு மட்டும் என்றால் குழாய் உள்ளே இருப்பது 5 முதல் 10 நிமிடம். அதற்குப் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஸ்பிரே போதும் என்பதே எங்கள் கருத்து.

ஸ்பிரேயில் இருப்பது லிக்னோகெயின். கசக்கும். தொண்டை தடித்து எச்சில் இறங்காத மாதிரி இருக்கும், ஆனால் மூச்சு அடைக்காது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லிடையே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் அடித்தொண்டையைத் தொடும் சில நொடிதான் கஷ்டம். ‘முழுங்குங்க’ என்றதும் ஒருமுறை விழுங்கினால் உணவுக்குழாயின் வாய் திறந்து குழாய் உள்ளே போய்விடும். பிறகு விழுங்கவே கூடாது. எச்சிலை வாயோரம் வழியவிட்டு, நிதானமாக மூச்சு விடுங்கள். மூச்சைப் பிடித்தால்தான் குமட்டல் கூடும். உள்ளே காற்று செலுத்துவதால் வயிறு உப்பி ஏப்பம் வரும். சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது.

மிடாசோலம், புரோபோஃபால் போன்ற ஊசி போட்டால் இதெல்லாம் பெரும்பாலும் நினைவிலேயே நிற்காது. பல் தேய்க்கும் பிரஷ் பட்டாலே குமட்டுகிறவர்களும் ரொம்பப் பயப்படுகிறவர்களும் இதையே கேளுங்கள். ஆனால் செலவு கூடும், கூட ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் சில்க் போர்டு நெரிசலில் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். ஊசி மூச்சை மந்தமாக்கும் என்பதால் பலத்த குறட்டை, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டபின், ஊசிக்கு முன்பே கையெழுத்துப் போடுங்கள்.

பட்டினி இரண்டுக்கும் ஒன்றுதான்: 6 முதல் 8 மணி நேரம். பால் காபியும் உணவுக் கணக்குதான். உணவு மிச்சமிருந்தால் உட்சுவர் தெரியாது, மேலேறி நுரையீரலுக்குள்ளும் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள்: அதனால், வயிற்றுப் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருந்தும் சோதனையில் ‘இல்லை’ என்று வரலாம்.

மரப்பு போக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், புரையேறாவிட்டால் மற்றது. தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாளில் போய்விடும். ரத்த வாந்தி, கறுப்பு மலம், காய்ச்சல், நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.