“என்னைப் பற்றிய கட்டுரையை எடுத்துவிடுங்கோ”: எந்த வழி யாருக்கு?

விக்கிப்பீடியாவில் தன் பெயரில் ஒரு பக்கம் வராதா என்று ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற பக்கத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று அலைகிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் இரண்டாம் வகையினர் மின்னஞ்சல் எழுதுவதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் (சுருக்கமாகத் தமிழ் விக்கியில்) எழுதுகிற யாரையாவது தெரிந்தால் போதும், வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்திலோ தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலோ பிடித்துவிடுவார்கள்: “தம்பி, அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ.” கேட்பவர் ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளராக இருக்கலாம், மேடையை விட்டு விலகிய நாடக நடிகையாக இருக்கலாம், ஒரே ஒரு செய்தியில் பெயர் அடிபட்டவராக இருக்கலாம், முன்னாள் மாகாணசபை உறுப்பினராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே மருந்து சரிவராது.

முதலில் எல்லோரும் கேட்பது முழு நீக்கம். ஆங்கில விக்கியில் இதற்குப் பழகிய பாதை இருக்கிறது. நீக்கல் விவாதம் பொதுவாக ஏழு நாள் நடக்கும். கட்டுரைக்குரியவர் கேட்டார் என்பதற்காக மட்டும் கட்டுரை போகாது. ஆனால் அவர் பெரிதாக அறியப்படாதவர், பொதுவாழ்வில் இல்லாதவர், விவாதமும் இப்படியும் அப்படியுமாக இழுபடுகிறது என்றால், முடித்துவைக்கும் நிர்வாகி, அதாவது பக்கங்களை நீக்கும் அதிகாரம் உள்ள பயனர், அவர் விருப்பத்தை மதித்து நீக்கலாம். நல்ல விதி. தமிழ் விக்கியிலும் நீக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒட்டும் நீக்கல் வார்ப்புரு, கட்டுரை பற்றிப் பேசப் பேச்சுப் பக்கம், பொதுவாகக் கதைக்க ஆலமரத்தடி எல்லாம் உண்டு. ஆட்கள்தான் குறைவு. ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பற்றி இரண்டு மூன்று பேர் முடிவெடுப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு தயக்கம் இருக்கிறது.

நீக்கினால் எல்லாம் முடிந்தது என்று கேட்பவர் நினைக்கிறார். முடியாது. நீக்கிய பக்கம் வாசகருக்குத் தெரியாதே தவிர நிர்வாகிகளுக்குத் தெரியும். விக்கியின் உரிமம் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் வேறு தளங்களில் நகல்கள் கிடக்கும், அவற்றை எடுக்கச் சொல்ல விக்கிக்கு அதிகாரமில்லை. “நான்தானே எழுதினேன், திருப்பி எடுக்கிறேன்” என்று எழுதியவர் சொன்னாலும், ஒருமுறை கொடுத்த உரிமத்தை மீளப் பெற முடியாது. அப்புறம், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே கட்டுரையை முன்னையதைவிட மோசமாக மறுபடி தொடங்கலாம்.

ஈழத்துக் கலைஞர்கள் விடயத்தில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் என்ற இணையத்தளத்தில் வருடி ஏற்றிய பழைய சஞ்சிகைகளையும் வீரகேசரி, தினகரன் துணுக்குகளையும் தேடித் தொகுத்து எழுதிய ஒரு பக்கம்தான் அந்த ஆளைப் பற்றி ஒரே இடத்தில் கிடைக்கிற விவரமாக இருக்கும். அதைத் தூக்கினால் அடுத்து ஆராய வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் நான் முதலில் கேட்பது, “எது உங்களுக்குத் தொந்தரவு?” என்பதுதான். பெரும்பாலும் பதில் கட்டுரை அல்ல, கட்டுரைக்குள் இருக்கும் இரண்டு வரி. இங்கேதான் வெட்டிச் சுருக்கும் வழி மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது.

நம் கட்டுரைகளின் பெரிய வியாதி, அவை பாராட்டு மலரையும் மரண அறிவித்தலையும் பார்த்து எழுதப்படுவது. இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், மனைவி பெயர், பிள்ளைகள் எந்த நாட்டில், எந்த ஊர், எந்த ஒழுங்கை என்று எல்லாம் வந்துவிடும். பிறந்த திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, முழுப் பிறந்த திகதியை ஒரு பக்கத்தில் போட்டால் ஒன்பதில் ஐந்து எண்களை ஊருக்குச் சொன்ன மாதிரி. புதிய 12 இலக்க அட்டையில் முதல் ஏழும் இதே கணக்குத்தான். வங்கியில் தொலைபேசிச் சரிபார்ப்புக்குத் தாயின் பெயரைக் கேட்கிற காலத்தில், தாயின் பெயரும் அதே பக்கத்தில் இருந்தால் என்ன சொல்ல? ஆங்கில விக்கி, கட்டுரைக்குரியவர் ஆட்சேபித்தால் பிறந்த ஆண்டை மட்டும் போடச் சொல்கிறது. இதைத் தமிழ் விக்கியில் யாரும் கேட்பதற்கு முன்பே செய்யலாம்.

வெட்டும்போது பலர் மறப்பது, பக்கத்தின் வரலாறு. இன்றைய பதிப்பில் இல்லாத வரி, நேற்றைய பதிப்பில் அப்படியே கிடக்கும். நிர்வாகி அந்தப் பழைய பதிப்புகளை மறைக்க வேண்டும். முகவரி, தொலைபேசி இலக்கம் போன்றவை என்றால் நிர்வாகிகளின் கண்ணுக்கும் தெரியாதபடி மேற்பார்வை அதிகாரம் உள்ளவர்கள் மறைப்பார்கள். அந்த அதிகாரம் உள்ளவர் இல்லாத விக்கிகளுக்கு, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேலாளர்கள் செய்து தருவார்கள்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகந்தாலரின் கதை இந்த வழிக்கு நல்ல சாட்சி. 2005இல், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், நான்கு மாதத்துக்கு மேல் ஆங்கில விக்கியில் கிடந்தது. பொய் இருந்த பதிப்புகள் மறைக்கப்பட்டன, அவரைப் பற்றிய கட்டுரை இன்றும் இருக்கிறது. உயிரோடிருப்போர் பற்றிய கண்டிப்பான விதி பிறக்கவும் அந்தச் சம்பவமே தூண்டுதல்.

ஒரே சம்பவத்தால் அறியப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழி: ஆளுக்கான பக்கத்தை எடுத்துவிட்டு, தேவையானதைச் சம்பவம் பற்றிய கட்டுரையில் இரண்டு வரியாகச் சேர்ப்பது. இது நியாயமானது, ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பழைய பெயரை வழிமாற்றாக, அதாவது வேறு பக்கத்துக்குத் தானாகக் கொண்டுபோகும் தலைப்பாக, விட்டால், பெயரைத் தேடுகிறவர் நேரே அந்தச் சம்பவத்தில் போய் விழுவார். மறைய விரும்புகிறவருக்கு இது பழைய கட்டுரையைவிட மோசம். வழிமாற்றையும் எடுக்க வேண்டும். சம்பவக் கட்டுரையில் பெயர் தேவையா என்பது அடுத்த கேள்வி. ஜேர்மனிய நடிகர் வால்டர் செடில்மயர் 1990இல் கொல்லப்பட்டார். தண்டனை பெற்ற இருவர் பின்னாளில் தங்கள் பெயர்களை நீக்கக் கோரி வழக்கறிஞர் மூலம் வந்தபோது ஜேர்மன் விக்கி எடுத்தது, ஆங்கில விக்கி வைத்துக்கொண்டது. ஒரே கலைக்களஞ்சியம், இரண்டு முடிவு. தமிழ் விக்கியும் ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

கூகிளிடம் போகும் வழி ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்தோருக்கு ஓரளவு உதவும், இங்கிருப்பவருக்கு அல்ல. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, பெயரைத் தேடும்போது பழைய இணைப்பு வராமல் செய்யக் கேட்கலாம். 2019இல் அதே நீதிமன்றம், உலகம் முழுக்க அப்படி மறைக்கக் கூகிளுக்குக் கட்டாயமில்லை என்றது. பாரிஸ் லா சப்பலில் தேடினால் வராதது, வெள்ளவத்தையில் தேடினால் வரும்.

சட்டம்? இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியும் அதன் முக்கியப் பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கையில் எடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில் இருக்கிறது, அழுத்தம் இங்கே வீட்டிலிருந்து எழுதும் தன்னார்வலர் மேல்தான் விழும். 2013இல் பிரெஞ்சு உளவுத்துறை ஓர் இராணுவ வானொலி நிலையம் பற்றிய கட்டுரையை ஒரு விக்கி நிர்வாகியை நெருக்கி நீக்கவைத்தது. இன்னொருவர் மீட்டார், பிறகு அந்த வாரக்கடைசியில் பிரெஞ்சு விக்கியில் அதிகம் படிக்கப்பட்ட பக்கமாக அது ஆகிவிட்டது.

முன்னாள் மாகாணசபை உறுப்பினருக்கு என் பதில் சுருக்கமானது: ஆதாரமில்லாதது போகும், மற்றது இருக்கும். மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த காலத்தை அவர் திருப்பி எடுக்க முடியாது. அறிவிப்பாளருக்கும் நடிகைக்கும் வெட்டிச் சுருக்கி, பழைய பதிப்புகளை மறைத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், நீக்கலுக்கு நானே ஆதரவாகப் பேசுவேன், இழப்பு இருந்தாலும். செய்தியில் அடிபட்டவருக்குப் பக்கமும் வேண்டாம், வழிமாற்றும் வேண்டாம்.

கோரிக்கையைக் கல்யாண மண்டபத்தில் காதில் போடாமல் விக்கிமீடியாவின் தன்னார்வ மறுமொழிக் குழுவுக்கு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்வது எல்லோருக்கும் நல்லது. கடிதம் பொதுவெளிக்கு வராது, அந்த ஆள் தானா என்று சரிபார்க்கவும் முடியும், முடிவைத் தமிழ்நாட்டிலோ கனடாவிலோ இருக்கும், முகந்தெரியாத நிர்வாகி எடுக்கலாம். நீக்கல் விவாதம் நடந்துவிட்டால் ஒரு வேலை மிச்சமிருக்கும். கட்டுரை போன பிறகும் விவாதப் பக்கம் அவர் பெயரோடு அப்படியே நிற்கும், “இவர் அவ்வளவு முக்கியமானவர் இல்லை” என்ற கருத்துகள் உட்பட. ஆங்கில விக்கியில் கேட்டால் மரியாதை கருதி அதை வெறுமையாக்குவார்கள். இங்கே கேட்கத் தெரியாதவர்கள்தான் அதிகம், எனவே நீக்குகிற நிர்வாகியே அதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.