லாயத்து ரப்பர் மேட் நகராமல் இருக்க: பல வருட அனுபவம்

கோவைப் பக்கம் சின்ன லாயம் எங்களுடையது. கொட்டில் ஒவ்வொன்றும் 12க்கு 12 அடி. தரையில் ரப்பர் மேட், அதன்மேல் மரத்தூள். பல வருடம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், மேட்டைப் பிடித்து வைப்பது பசையோ ஸ்குருவோ கிடையாது. சுற்றியிருக்கும் சுவரும் அடியிலிருக்கும் தரையும்தான்.

எங்களுடையது 18 மி.மீ. தடிமன், 4க்கு 6 அடி அளவு. ஒரு மேட் சுமார் 45 கிலோ இருக்கும். அந்த எடையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மாட்டுக் கொட்டகைக்கு என்று விற்கும் மெல்லிய மேட் விலை குறைவுதான், ஆனால் லாடம் அடித்த குதிரை சுழன்று திரும்பினால் ஓரம் மடங்கிவிடும்.

ஒரு கொட்டிலுக்கு ஆறு மேட் சரியாகப் போதும். இரண்டிரண்டாக மூன்று வரிசை போட்டால் நாலு மேட்டின் மூலைகள் ஒரே இடத்தில் சந்திக்கும். கிளம்புவது முதலில் அந்த இடம்தான். நடு வரிசைக்கு மட்டும் ஒரு மேட்டை இரண்டாக வெட்டி, பாதியை இந்தச் சுவரோரம், பாதியை அந்தச் சுவரோரம் வைத்து, முழு மேட்டை நடுவில் போடுங்கள். செங்கல் கட்டு மாதிரி இணைப்பு மாறி மாறி வரும், குதிரை நிற்கும் நடுவிடத்தில் இணைப்பே இருக்காது.

வெட்டுவதற்கு வெயில் காலம் நல்லது. ரப்பர் சூட்டில் விரியும். மார்கழிக் குளிரில் இறுக்கமாக வெட்டிப் போட்டால் சித்திரையில் நடுவில் புடைத்துக்கொள்ளும். விரிந்திருக்கும்போதே சுவருக்குச் சுவர் கச்சிதமாக வெட்டினால், குளிரில் மெல்லிய இடைவெளி விழும். அதை மரத்தூள் அடைத்துவிடும். வெட்டும் கோட்டுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, கத்தியில் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் கை வலிக்காது.

தரை காங்கிரீட் என்றால் லேசான வாட்டம் போதும். எங்களிடம் இரண்டு கொட்டிலில் கிரஷர் தூசி (கல் உடைக்கும்போது வரும் பொடி) போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய தரை. அங்கே ஒரு குழி விழுந்தாலும் மேட் ஆடத் தொடங்கும், ஆடும் மேட்தான் நகரும்.

சிக்கல் எப்போதும் வாசலில்தான். அங்கே சுவர் இல்லை, எனவே மேட் மெல்ல வெளியே வரும். தரையில் இரும்பு ஆங்கிள் (L வடிவப் பட்டை) ஒன்றைப் பதித்துத் தடுத்தோம். அதன் விளிம்பு மேட்டுக்கு மேலே தெரியக் கூடாது, குளம்பில் பட்டால் காயம். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் குதிரை ஒன்று தீவனத்துக்காக வாசலில் நின்று முன்னங்காலால் விடாமல் தோண்டும். ஆங்கிள் வைத்த பிறகு அதன் திறமை அங்கே செல்லவில்லை.

ஸ்குரு வேண்டவே வேண்டாம். மேட் கிழிந்தால் தலை வெளியே நிற்கும். பசையும் ஈரத்தில் விட்டுப்போகும். மூத்திரம் கீழே இறங்கினால் தூக்கிக் கழுவவும் முடியாது. ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இன்டர்லாக் மேட் நடைபாதைக்கு நல்லது. சுவருக்குள் அடங்கிய கொட்டிலுக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை என்பேன்.

அம்மோனியா நெடி அடித்தால் வாசல் பக்க மேட்டை மட்டும் கடப்பாரையால் நெம்பி, கிரிப் பிளையரால் பிடித்து இழுத்து, கீழே கழுவிக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுகிறோம். ஆள் இரண்டு பேர் வேண்டும். திரும்பப் போடும்போது வாசல் மேட்டைப் பின்சுவர்ப் பக்க முழு மேட்டோடு மாற்றிப் போடுகிறோம், தேய்மானம் ஒரே இடத்தில் விழுவதில்லை.