பிளாக் ஐட் சூசன் விதை பாக்கெட்: விதை அருமை, பின்னாடி போட்ட குறிப்பு சென்னைக்கு ஆகாது

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க, இந்தப் பேருல ரெண்டு செடி விக்கிறாங்க. ஒண்ணு ஆப்பிரிக்கக் கொடி, தன்பெர்ஜியா, விதை மிளகு சைஸ்ல இருக்கும். இன்னொண்ணு வட அமெரிக்காவோட ருட்பெக்கியா, சூரியகாந்தி குடும்பம், மேரிலாண்ட்ல 1918லேர்ந்து இதான் மாநிலப் பூ. நான் ஆன்லைன்ல வாங்கினது ருட்பெக்கியா. விதை கருப்பா, ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா பெருசு, ஃபேன நிறுத்திட்டு பாக்கெட்ட பிரிங்க.

இப்போ குறை. பாக்கெட் பின்னாடி பிப்ரவரி மார்ச்சுல விதைங்க, அரை இஞ்ச் மண்ணு போட்டு மூடுங்கன்னு போட்டிருக்கு. குளிர் ஊருக்கு எழுதினத அப்படியே அச்சடிச்சிட்டாங்க போல. நம்ம ஊர்ல அப்போ விதைச்சா நாத்து தேறுறதுக்குள்ள கத்திரி வெயில் வந்து கருக்கிடும், அதுவுமில்லாம இந்த விதைக்கு வெளிச்சம் பட்டாதான் முளைப்பு நல்லா வரும், ஆழமா புதைச்சா வீண். நான் தீபாவளி முடிஞ்ச கையோட ப்ரோ ட்ரேல, அதாவது நாத்து விடுற குழித்தட்டுல, கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) மண்புழு உரமும் கலந்து போட்டு, விதைய மேலாப்புல தூவி லேசா விரலால அழுத்திவிட்டு, மழைத்தண்ணி நேரா விழாம சன்ஷேடுக்கு கீழ வச்சேன். தண்ணி ஸ்ப்ரேயர்ல மட்டும்தான், ஊத்துனா விதை ஒரு மூலைக்கு ஓடிடும். பாதிக்கு மேல முளைச்சுது, இவ்ளோ பொடி விதைக்கு இது ரொம்ப நல்ல ரிசல்ட்.

இலை வர்றப்பவே ரெண்டு பக்கமும் சொரசொரன்னு முடி இருக்கும், நோய்னு பயந்துடாதீங்க, அந்தச் செடியே அப்படித்தான். மார்கழில குரோ பேக்குக்கு (செடி வளர்க்குற பை) மாத்தினேன், தண்ணி நிக்காம வடியணும், அடில ஓட்டை கண்டிப்பா வேணும்.

மாசி மாசம் பூ வந்துச்சுங்க, அடடா! நடுவுல இருக்குறது கருப்பு இல்ல, நல்ல அடர் பிரவுன், அதச் சுத்தி மஞ்சத் தூள் வளையம் கீழேர்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். தேனீயும் வருது. காஞ்ச பூவ வெட்ட வெட்ட புதுசு வைக்குது.

விதைக்காக தாராளமா வாங்கலாம், பின்னாடி இருக்குற மாசக் கணக்க மட்டும் பாக்காதீங்க.