கேசட்டை பென் டிரைவ்ல ஏத்தித் தர்ற ஜங்ஷன் கடை: கை வேலை பிரமாதம், கம்ப்யூட்டர்ல கோட்டை விட்டுட்டாவ

ஊர்ல வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரண்ல ஒரு செருப்பு டப்பா நிறைய கேசட் கெடைச்சுது. பாதி சினிமா பாட்டு, அத விடுங்க, ஃபோன்ல தேடுனா ரெண்டு செகண்ட்ல வந்துரும். மீதி 6 கேசட், எங்க சுடலைமாடன் கோயில் கொடையில தாத்தா டேப் ரெக்கார்டர மடியில வச்சுக்கிட்டு பிடிச்ச வில்லுப்பாட்டு. இது எந்த ஆப்லயும் கெடையாது, எத்தன ரூவா சந்தா கட்டுனாலும் வராது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாடியில ஒரு கடை இருக்கு, கேசட்டுக்கு 150 ரூவான்னாவ. பேரு போடல, ஏன்னா கொறையும் சொல்லப் போறேன்.

மொதல்ல நல்லத சொல்லுதேன். அங்க இருக்க அண்ணாச்சிக்கு கேசட்னா உசுரு. ஒரு கேசட்ல டேப்ப ஹெட்டோட (டேப்புல இருந்து சத்தத்த எடுக்குற பாகம்) அழுத்திப் பிடிக்குற சின்ன பஞ்சுத் துண்டு கழண்டு விழுந்துருச்சு, அது இல்லன்னா சத்தம் ஏறி எறங்கி வரும், அண்ணாச்சி வேற ஒரு பழைய கேசட்ட திருகாணி கழட்டி அதுல உள்ள பஞ்ச எடுத்து இதுல ஒட்டுனாரு, மூச்சு விடாம பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் போட்டு கேட்டா எல்லாம் அமுங்கிப் போயி கெணத்துக்குள்ள பாடுத மாதிரி இருந்துச்சு. "தம்பி, ஒங்க தாத்தா ரெக்கார்டர்ல ஹெட்டு கொஞ்சம் சரிஞ்சு இருந்துருக்கு, நம்மளும் அதே மாதிரி சரிச்சாத்தான் கேக்கும்"னு சொல்லிக்கிட்டே ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்க குட்டி திருகாணிய பைய திருப்புனாரு பாருங்க, வில்லுல கட்டுன மணி எல்லாம் சலசலன்னு எறங்குது. ஒடம்பு சிலுத்துட்டு.

நேரம் ஆகும், அதுக்கு அவர கொற சொல்ல முடியாது. சி-90 கேசட்னா ரெண்டு பக்கமும் சேத்து 90 நிமிசம் ஓடித்தான் ஆகணும். நாலு நாள் கேட்டாரு, நாலாவது நாள் சாயங்காலம் குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து ஆச்சிய பக்கத்துல உக்கார வச்சு ஸ்பீக்கர்ல போட்டா மணிச் சத்தத்தையே காணும். உடுக்கை 'டொப்பு டொப்பு'ன்னு தகர டின்ன தட்டுத மாதிரி வருது. பின்பாட்டுக்காரர் மெதுவா "ஆமா" போடுத எடமெல்லாம் வெட்டிப் போயிருக்கு. ஆச்சி ரெண்டு நிமிசம் கேட்டுட்டு "இது நம்ம கொடை இல்லல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

என்னன்னு பாத்தா, கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்க தம்பி இரைச்சல் எடுக்கேன்னு சாஃப்ட்வேர்ல போட்டு நல்லா தேய்ச்சு கழுவிட்டான். டேப் இரைச்சலும் அந்த மணிச் சத்தமும் ஒரே மாதிரி கீச்சுச் சத்தம், ஒண்ணப் பிடுங்குனா இன்னொண்ணும் கூடவே வந்துரும், சினிமா பாட்டுக்கு சரி, வில்லுக்கு ஆகுமா? போதாக்கொறைக்கு மொத்தம் 7 மணி நேரம், ஃபோல்டர் சைஸ் 400 எம்பி தான். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி சுருக்கி வச்சுருக்கான். சுருக்காம வேவ் ஃபைலா எடுத்தா நாலரை ஜிபி கிட்ட வரணும். எல்லாத்துக்கும் பேரு வேற 'டிராக் 01', 'டிராக் 02'ன்னு. கேசட் மேல தாத்தா மை பேனாவுல எந்த வருசக் கொடை, ஏ பக்கம் என்ன கதைன்னு எல்லாம் எழுதி வச்சுருந்தாரு, அதப் பாத்து டைப் அடிக்க எவ்வளவு நேரம் ஆயிரும்?

மறுநாள் போயி கேட்டேன், சண்டையெல்லாம் போடல. அண்ணாச்சி மொகம் சுருங்கிட்டு. கழுவுறதுக்கு முந்துன ஃபைலு நல்ல வேளையா சிஸ்டத்துலயே கெடந்துச்சு, காசு வாங்காம அப்படியே ஏத்திக் குடுத்துட்டாரு. இரைச்சல் இருக்கு, இருந்துட்டுப் போட்டும். நடுவுல ஒரு எடத்துல தாத்தா இருமுதாரு, யாரோ ஒரு பிள்ளைய "ஏட்டி, ஒயர மிதிக்காத"ன்னு அதட்டுதாரு. கழுவுன ஃபைல்ல அது இல்ல.

போறதா இருந்தா கேசட்ட அண்ணாச்சி கையில மட்டும் குடுங்க, "வேவ் ஃபைல் வேணும், இரைச்சல் எடுக்க வேண்டாம்"னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டப்பாவுக்குள்ள போட்டுருங்க, 8 ஜிபி பென் டிரைவ் நீங்களே கொண்டு போங்க. மத்தியானம் 2 மணிக்கு சாத்திட்டு 4 மணிக்குத் தான் தொறப்பாவ. சித்தப்பா மவன் அந்த "ஏட்டி"ய வெட்டி ரீல்ஸ்ல போடணும்னு கெடந்து குதிக்கான், ஆச்சி இன்னும் சம்மதிக்கல.